கூதிர்க் காலத்து வகுப்பறை

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம் எனவும், மார்கழியும் தையும் முன்பனிக் காலம் எனவும் பெயர் பெற்றன. மேலைநாடுகளில் டிசம்பர்த் திங்களின் கடுங்குளிரில் பள்ளிகள் குளிர்கால விடுமுறை விடுகின்றன. தமிழகத்துச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லை. எனினும் அதே திங்களின் இறுதியில் இங்கும் பள்ளிகள் மூடப்படுகின்றன. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கிறிஸ்துமஸ் நாளையும் ஆங்கிலப் புத்தாண்டையும் ஒட்டி வரும் அவ்விடுமுறையை அரையாண்டு விடுமுறை என்பர்.

விடுமுறையை எல்லாப் பிள்ளைகளும் அறிவர். அதற்கு முந்திய ஏழெட்டு வாரங்களில் தொடக்கப்பள்ளி வகுப்பறையில் நடப்பது என்ன என்பதைப் பெற்றோரும் முழுமையாக அறிவதில்லை. எழுத்தறியாத குழந்தை எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இவ்வாரங்களில்தான். சென்னைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை பள்ளியின் கதவை அடைப்பதும் இவ்வாரங்களில்தான்.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் வழியில் உள்ள கள்ளிக்குப்பத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கள்ளி என்னும் செடியின் பெயரையும், குப்பம் என்னும் சிற்றூர்ப் பெயரையும் சேர்த்துத் தாங்கிய அவ்வூர், இன்று சிற்றூர் அன்று. மாநகரின் ஒரு பகுதி. 1964ஆம் ஆண்டு அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தபின் இச்சுற்றுவட்டாரம் எங்கும் தொழிலாளர் குடும்பங்கள் பெருகின. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆயினும் நிலத்தின் இயல்பு மாறவில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, புழல் ஏரி எனப் பெருநீர்நிலைகள் சூழ்ந்த தாழ்நிலம் அது. ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் அடுத்த ஏரியைத் தேடி ஓடும். வழியில் வீடு இருந்தாலும் பள்ளி இருந்தாலும் நீருக்கு வேறுபாடு தெரியாது.

சென்னை பெறும் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் பெய்கிறது. 2015ஆம் ஆண்டு நவம்பரிலும் டிசம்பர்த் தொடக்கத்திலும் பெய்த பெருமழையால் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பள்ளிகள் பல நாள் மூடிக் கிடந்தன. அரையாண்டுத் தேர்வே 2016 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளும் நீரில் நின்றன. அவ்வாண்டும் ஒரு வாரப் படிப்பு மழையோடு போயிற்று. இவை பெருவெள்ளங்கள். வெள்ளம் வாராத ஆண்டுகளிலும் மழை கருதி விடப்படும் ஓரிரு நாள் விடுமுறைகள் பல முறை நேர்வதுண்டு.

ஒரு வாரம் போனால் என்ன, அடுத்த வாரம் நடத்திக்கொள்ளலாமே என்று மேல்வகுப்பு மாணவர் கேட்கலாம். அவர்களைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. படிக்கத் தெரிந்தவர் விடுபட்ட பாடத்தைத் தாமே நூலைத் திறந்து படித்துக்கொள்வார். முதல் வகுப்புக் குழந்தைக்கோ நூலைத் திறக்கும் திறவுகோலே அப்பாடம். அதனை விளங்கிக்கொள்ளத் தமிழ் எழுத்தின் அமைப்பைச் சற்றே நோக்க வேண்டும்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துகள் என்பது யாவரும் அறிந்ததே. இவற்றை 247 தனித்தனி வடிவங்களாக எந்தக் குழந்தையும் கற்பதில்லை. ட, ப, ம என்னும் மூன்று எழுத்தையும் புள்ளி வைக்கும் முறையையும் அறிந்தவுடனே படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்களைக் குழந்தை படித்துவிடும். ஆகாரத்திற்குக் கால் ஒன்றைச் சேர்த்தால் போதும். க என்பது கா ஆகும், ம என்பது மா ஆகும். ஒரு விதியைக் கற்றால் ஒரு வரிசையே கைவரும். இதில் குழந்தைக்கு உண்டாகும் மகிழ்ச்சி பெரிது.

உகர வரிசைக்கு வந்தவுடன் அம்மகிழ்ச்சி தடைப்படுகிறது. இங்கு விதி ஒன்றன்று. சு, பு, வு போன்றவை கீழ்நோக்கி இறங்கும் கோட்டைப் பெறுகின்றன. து, நு, லு போன்றவை சுழித்து மேலேறுகின்றன. டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சூழ்கின்றன. கு எதனோடும் சேராமல் தனித்து நிற்கிறது. ஊகார வரிசையிலோ இவ்வேறுபாடு இன்னும் மிகும். ஆதலால் இவ்வரிசைகளுக்கு ஆசிரியர் கூடுதலான நாள்களைக் கொடுக்க வேண்டியுள்ளது. முதல் நாள் வடிவத்தைக் காட்டி, மறுநாள் மணலிலோ தரையிலோ எழுதச் செய்து, மூன்றாம் நாள் சொல்லில் வைத்துப் படிக்கச் செய்து, வார இறுதியில் வாக்கியத்தில் கண்டுபிடிக்கச் செய்தால்தான் அது மனத்தில் பதியும். கற்ற எழுத்தைப் பத்து நாள் காணாதிருந்தால் குழந்தை அதனை மறந்துபோகும். அந்த வாரத்தில் பெருமழை வந்து, பள்ளி திறந்தபின் வகுப்பு அடுத்த வரிசைக்குச் சென்றுவிட்டால், உகரம் அறியாத குழந்தை ஒன்று அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும். குடை பிடித்துப் பள்ளிக்கு வந்த அக்குழந்தைக்குக் குடை என்னும் சொல்லைப் படிக்க இயலாது.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளியில் இத்தொல்லை ஒருவகையில் இல்லை. அங்கு வகுப்பு என்பதே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் கற்ற இடத்திலிருந்து தொடர்ந்து கற்றது. வாரக் கணக்கும் அங்கு இல்லை. அமாவாசை, பௌர்ணமி முதலிய நாள்களை ஒட்டி விடுமுறை வந்தது. அதனை வாவு என்று வழங்கினர். அந்நாளில் பிள்ளைகள் ஆசிரியருக்கு அளித்த சிறு தொகைக்கு வாவுக் காசு என்று பெயர். முன்னே கற்ற மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து பின்னே வந்தவர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். அப்பள்ளிகளில் மனப்பாடம் மிகுதி, அடியும் மிகுதி. எல்லாச் சாதியாரும் அங்குப் பயில இயலவுமில்லை. ஆகவே அவற்றை முற்றிலும் புகழ்வதற்கில்லை. ஆயினும் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குக் கற்பிக்கும் அவ்வழக்கம் உலகத்தின் கண்ணில் பட்டது. 1789ஆம் ஆண்டு சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிப் பொறுப்பை ஏற்ற ஆந்திரு பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனையும், மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் மேற்கொண்டார். தாயகம் திரும்பி 1797இல் இதனைப் பற்றி அவர் நூல் வெளியிட்டபின், இது சென்னை முறை என்னும் பெயராலேயே இங்கிலாந்தில் பரவிற்று.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே சென்னையில் வேறொரு முயற்சி தொடங்கியது. ஆந்திரத்தில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிக் கல்வி மையம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென அட்டைகளின் வழியாகக் கற்பிக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சியின் ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் அதனை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொணர்ந்தார். 2003ஆம் ஆண்டு 13 பள்ளிகளில் தொடங்கிய அம்முறை, மறு ஆண்டே மாநகராட்சியின் 264 தொடக்கப்பள்ளிகளுக்கும், 2007-08ஆம் கல்வியாண்டில் தமிழகத்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் பரவிற்று. செயல்வழிக் கற்றல் என்பது அதன் பெயர். சுவரில் ஒரு கற்றல் ஏணி வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை உண்டு. குழந்தை தான் நிற்கும் படியைத் தானே அறிந்து, உரிய அட்டையை எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் சென்று அமரும். சில குழுக்களில் ஆசிரியர் உடனிருப்பார். சிலவற்றில் உடன் பயிலும் பிள்ளையே உதவும். சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது. கூரையின் கீழே கம்பி கட்டி, குழந்தைகள் வரைந்தவற்றைத் தொங்கவிட்டனர்.

மழையால் ஒரு வாரம் வாராத பிள்ளை, திரும்பி வந்த நாளில் தான் விட்ட படியிலேயே மீண்டும் கால் வைக்கலாம் என்பதே அவ்வேணியின் பெருஞ்சிறப்பு. தனித்தனி அட்டையோடு பிள்ளைகள் பிரிந்திருந்தமையால் வகுப்பு முழுவதும் ஒன்றுகூடிக் கதை கேட்பதும் உரையாடுவதும் குறைந்தன என்னும் குறையும் பின்னர் எழுந்தது. அதற்கேற்ப முறை மாற்றப்பட்டது.

அதன்பின் நேர்ந்தது எந்த மழையும் செய்யாத இடையூறு. கொரோனா நோய்ப் பரவலால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020ஆம் ஆண்டு முதல் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையை முதன்முதலாகக் கண்டபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகிவிட்டது. அதுவும் ஒரு கூதிர்க் காலத்தில், மழை விடுமுறைகளுக்கு இடையில். இந்த இடைவெளியை நிரப்பும் பொருட்டு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதிற்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்த அத்திட்டம் 2023-24இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

இத்திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையினராகக் கொள்ளப்படுகின்றனர். முதல் வகுப்பிற்குரிய திறன் அரும்பு. இரண்டாம் வகுப்பிற்குரியது மொட்டு. மூன்றாம் வகுப்பிற்குரியது மலர். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்தும் எழுத்தைக் கூட்டத் தெரியாத பிள்ளை அரும்பு நிலையிலிருந்தே தொடங்கும். கடைசி, மந்தம் முதலிய சொற்களால் பிள்ளையைச் சுட்டிய பழைய வழக்கத்தினும் இது எத்துணையோ நல்லது. அரும்பு என்பது பழிப்பெயர் அன்று.

நவம்பர்த் திங்களில் இத்தகைய வகுப்பின் ஒரு வாரம் எவ்வாறு செல்லும்? திங்கட்கிழமை காலையில் மழை தூறினாலும் பிள்ளைகள் வந்துவிடுவர்; 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தின் சூடான உப்புமாவும் அதற்கு ஒரு காரணம். வந்த பிள்ளை தன் வருகையைத் தானே குறிக்கும். பின்னர் ஒருவர் எழுந்து சுவரிலுள்ள வானிலை அட்டவணையில் அன்றைய கட்டத்தில் சூரியனையோ மேகத்தையோ மழைத்துளியையோ வரைவர். வாரத்தின் தொடக்கம் பாட்டும் கதையும் ஆகும். ஆசிரியர் தாள் பொம்மையையோ விரற்பொம்மையையோ கையில் மாட்டிக் கதை சொல்வார். தொழிலின் பொருட்டு வேறு மாநிலங்களிலிருந்து வந்து அம்பத்தூர்ப் பகுதியில் தங்கியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்பொம்மைகள் பேருதவி செய்கின்றன. தவளை குதிப்பதைக் கண்ட பிள்ளைக்குக் குதித்தது என்னும் சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டா.

கதையில் வந்த சொற்களிலிருந்து அவ்வாரத்திற்குரிய எழுத்து பிரித்தெடுக்கப்படும். செவ்வாயும் புதனும் அதனை எழுதுவதும், சொல்லாக்குவதும், மூன்று நிலையினரும் தத்தம் பயிற்சி நூலில் உரிய பக்கத்தைச் செய்வதுமாகக் கழியும். கணக்கிற்குப் புளியங்கொட்டையும் குச்சியும் பயன்படுகின்றன. பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டினால் பத்து என்னும் இடமதிப்பு கைக்கே புலனாகும். மூன்று கட்டும் நான்கு குச்சியும் முப்பத்து நான்கு என்பதை ஒரு முறை கட்டிப் பார்த்த பிள்ளை பின்பு எளிதில் மறவாது. வியாழன் பெரும்பாலும் விடுபட்டதை நிரப்பும் நாள். வெள்ளியன்று அவ்வாரத்துப் பாடம் எவ்வளவு கைவந்தது என்பதை ஆசிரியர் சிறு வினாக்களால் அறிவர்.

திங்களின் முடிவில் வானிலை அட்டவணையே கணக்குப் பாடமாகிவிடும். நவம்பருக்கு 30 நாள். அவற்றுள் சனி, ஞாயிறு 8 நாள் போகப் பள்ளி நாள் 22 எனக் கொள்க. மழை விடுமுறை 5 நாள் எனின், நிரம்பிய கட்டங்கள் 17. சூரியன் 6, மேகம் 4, மழைத்துளி 7 என்று எண்ணிய பிள்ளைகள், கூட்டினால் 17 வருகிறதா என்று பார்ப்பர். வெறுமையாக உள்ள ஐந்து கட்டங்களில் என்ன வரைவது என்னும் வினா அடுத்து எழும். பள்ளி இல்லையாயினும் மழை பெய்ததே என்பர் சிலர். வீட்டுக்குள் நீர் வந்த கதையை ஒருவர் சொல்வர். பெரியம்மாள் வீட்டு மாடியில் தங்கியதை மற்றொருவர் சொல்வர். அவர்கள் சொன்னவற்றிலிருந்தே இரண்டு வாக்கியங்களை ஆசிரியர் பலகையில் எழுத, அன்றைய வாசிப்புப் பாடம் அதுவேயாகும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோ நேரான சுவருடைய ஒரு தகரப் பெட்டியை வெட்டவெளியில் வைத்து மழையை அளக்கலாம். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் நீர் என்பதை அறிந்தால், தங்கள் வகுப்பறைக் கூரைமேல் ஓரிரவில் விழுந்த நீர் எத்தனை குடம் என்று அவர்களே கணக்கிட்டு வியப்பர்.

டிசம்பர் பிறந்ததும் வகுப்பறையின் போக்கு மாறுகிறது. தொடக்க வகுப்புகளின் பாடங்கள் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. 2012-13இல் நடைமுறைக்கு வந்த இப்பகுப்பின்படி, அரையாண்டு விடுமுறையோடு இரண்டாம் பருவம் முடியும். பருவ நூலும் முடியும். விடுபட்ட பாடத்தை நடத்துவதா, நடத்தியதைத் திருப்புவதா என்னும் இக்கட்டு அப்போது ஆசிரியருக்கு நேர்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிகள் பல. மதிப்பீட்டு விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வது கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் குறை கூறியதும் உண்டு, அக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. நூலை முடித்துவிட்டேன் என்று எழுதிவிடுவது எளிது. உகரம் கைவராத நான்கு பிள்ளைகளைப் பிரித்து அமர்த்தி, கு, சு, து, பு என்று மீண்டும் தொடங்குவது அரிது. அரிய அச்செயலைச் செய்வதற்கே நிலைகள் வகுக்கப்பட்டன.

பருவத் தேர்வு முடிந்து விடுமுறைக்கு முந்திய இரண்டொரு நாள் கைவேலைக்கு உரியன. கார்த்திகை விளக்கீட்டின்போது களிமண்ணால் செய்து காயவைத்த அகல் சன்னலோரத்தில் இருக்கும். அதனருகே வண்ணத் தாளில் வெட்டிய விண்மீன்கள் தொங்கும். ஒரு சதுரத் தாளை மும்முறை மடித்து வெட்டி விரித்தால் எட்டுப் பகுதியும் ஒன்றுபோல் அமைவதைக் கண்டு சமச்சீர் என்பதைப் பிள்ளைகள் பெயர் அறியாமலே அறிந்துகொள்வர். மார்கழிக் கோலத்தின் புள்ளிகளை எண்ணி, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஏறி இறங்கும் வரிசையை எழுதுவர். நூலகப் பெட்டியிலிருந்து சிறு கதைநூல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கொடுக்கும் ஆசிரியரும் உளர். நூல் கிழிந்துவிடும் என்று அஞ்சிப் பெட்டியைப் பூட்டி வைப்பதைக் காட்டிலும், இரண்டு நூல் கிழிவது மேல். விடுமுறையின் ஒன்பது பத்து நாளில் எழுத்தை மறவாதிருக்க வீட்டிலுள்ள குழந்தைக்கு அந்நூலன்றி வேறு துணை பெரும்பாலும் இராது.

ஜனவரித் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது மழை நின்றிருக்கும். மூன்றாம் பருவ நூல் புதுமணத்தோடு கைக்கு வரும். சுவரில் பழைய வானிலை அட்டவணையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவர். அரும்பில் இருந்த பிள்ளைகளுள் எவரெவர் மொட்டுக்கு வந்துள்ளனர் என்பதை ஆசிரியர் முதல் வாரத்திலேயே பார்த்துப் பெயர்ப்பட்டியலைத் திருத்துவார். இரண்டாம் வாரம் பிறந்ததும் பொங்கல் விடுமுறை வந்துவிடும். அதற்குள் உகர வரிசையை முடித்துவிட வேண்டும் என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.